வாசகர் கேள்வி பதில்: இடம் கிடைத்த பிறகு

கேள்வி: நாங்கள் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் வசிக்கும் மலையாளி பழங்குடியினர், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறோம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த எங்கள் மகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேலத்தில் பொறியியல் இடம் கிடைத்தது. முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் விழுந்துவிட்டது. "கோட்டாவில் வந்தவர்களுக்கு இதெல்லாம் ஏறாது" என்று உடன் படிப்பவர் ஒருவர் சொன்னாராம். படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறாள். என்ன செய்வது ஐயா?

பதில்: தயவுசெய்து படிப்பை நிறுத்த விடாதீர்கள். முதல் பருவத்துக் கணிதத்தில் அரியர் வைத்துப் பின்னர் நல்ல பொறியாளர்களாக வந்த பலரை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த மாணவர் சொன்ன சொல்லுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தொழிற்கல்வியில் மிகக் குறைவாகவே சேர்கிறார்கள் என்பதை ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையிலான ஆணையம் ஆராய்ந்து சொன்ன பிறகுதான், 2021-இல் சட்டம் இயற்றி இந்த ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. அது கல்லூரிக்குள் நுழைவதற்கான வழி மட்டுமே. உள்ளே வந்த பிறகு உங்கள் மகளுக்கும் அவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே தேர்ச்சி மதிப்பெண்; சலுகை மதிப்பெண் என்று ஒன்று யாருக்கும் கிடையாது.

அரியருக்குக் காரணம் பெரும்பாலும் மொழிதான் என்பது என் அனுபவம். பள்ளியில் 'அணிக்கோவை' என்று படித்து நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, கல்லூரியில் 'டிட்டர்மினன்ட்' என்று கேட்டதும் அதை ஏதோ புதுப் பாடம் என்று எண்ணி மிரண்டுபோகிறது. ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 'அணி', 'தொகையிடல்' என்று தமிழிலும் வலப்பக்கம் 'மேட்ரிக்ஸ்', 'இன்டெக்ரேஷன்' என்றும் அன்றன்று எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் பாதிப் பயம் போய்விடும். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தேர்விலேயே அந்தத் தாளை எழுதட்டும். தள்ளிப்போட்டால் சுமை கூடும். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு உண்டு. அது வருகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் நான், ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். சாதி, ஊர், ஆண், பெண் என்று யாரையும் வேறுபடுத்தாமல் எல்லா மாணவர்களையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறேன். இதற்கு மேலும் ஏதோ செய்ய வேண்டும் என்று கூட்டங்களில் சொல்கிறார்களே, அது என்ன?

பதில்: உங்கள் மனம் நல்ல மனம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒருநாள் மின்னியல் ஆய்வகத்தில் ஒரு மேசையின் அருகே நின்று கவனித்தேன். நால்வர் கொண்ட குழுவில் நகரத்துப் பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் கம்பிகளை இணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அளவுகோல் வைத்து ரெக்கார்டு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கிராமத்திலிருந்து வந்த நான்காமவன், ஸ்டோரில் ரியோஸ்டாட் (மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வாங்கி வர அனுப்பப்பட்டிருந்தான். நால்வருக்கும் ஒரே மதிப்பெண் போட்டேன். ஆண்டு இறுதிச் செய்முறைத் தேர்வில் அந்தப் பெண்ணால் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைத் தொடரிணைப்பில் வைக்க முடியவில்லை. கட்டம் மட்டும் அழகாகப் போட்டிருந்தாள். அந்தக் குற்றம் என்னுடையது. இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

அடுத்த ஆண்டு முதல், இந்த வாரம் இணைப்பவர் யார், அளவு படிப்பவர் யார், எழுதுபவர் யார் என்று மேசைதோறும் சீட்டு ஒட்டி, வாரம்தோறும் மாற்றினேன். செலவு ஒன்றுமில்லை. இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வகுப்பிலும் ஒன்று கவனியுங்கள்: வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு, பலகையில் பொருத்திக் கோடு வரையும் மினி டிராஃப்டர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது, கேட்கவும் கூச்சப்படும். முதல் நாளே அதைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு, வாங்க முடியாதவர்களுக்குத் துறையிலிருந்து இரவலாகக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதா 1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, சான்றிதழில் அச்சாகியிருந்த 'ஹி' என்ற சொல்லை அடித்து 'ஷி' என்று திருத்திக் கொடுத்தார்களாம். லலிதாவை வெறுத்து யாரும் அப்படி அச்சடிக்கவில்லை. பெண் ஒருத்தி வருவாள் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நம் ஆய்வக மேசைகளிலும் அதுவேதான் நடக்கிறது.

கேள்வி: மேட்டூரிலிருந்து எழுதுகிறேன். சக்கர நாற்காலியில் செல்லும் என் மகனுக்குப் பொறியியல் படிக்க ஆசை. உரிமைகள் என்னென்ன?

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். கலந்தாய்வுக்கு முன்பே கல்லூரியை நேரில் சென்று பாருங்கள். வாசலில் சாய்தளம் இருப்பதைக் கண்டு திருப்தி அடைந்துவிடாமல், பட்டறைக்கும் இரண்டாம் மாடி ஆய்வகத்துக்கும் கழிவறைக்கும் மகனையே நாற்காலியோடு அழைத்துச் செல்லுங்கள். எங்கு நின்றுபோகிறாரோ அந்த இடத்தைக் குறிப்பிட்டு முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.