சி.பி. ரேடியோ: ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். விடுமுறையில் இரண்டு குடும்பங்களாக, இரண்டு வண்டிகளில், கைபேசி சிக்னல் கிடைக்காத மலைப்பகுதிகளுக்குப் போவது வழக்கம். வழியில் பேசிக்கொள்வதற்காக வண்டிக்கு ஒரு சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவும், காந்தத்தால் ஒட்டும் ஆன்டெனாவும் வாங்கி, பானட்டின் ஓரத்தில் பொருத்தினோம். அரை மைல் தாண்டினாலே குரல் தேய்ந்துவிடுகிறது. கடைக்காரர் ரேடியோ அனுப்பும் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அமெரிக்காவில் சிட்டிசன்ஸ் பேண்ட் எனப்படும் இந்த 40 சேனல்களையும் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்றாலும், ஏ.எம். முறையில் 4 வாட்டுக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் இணைப்பது சட்டவிரோதம். அதை உங்களிடம் விற்க முன்வந்தவர், கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கோளாறு பெரும்பாலும் ஆன்டெனாவில்தான் இருக்கும். சி.பி. இயங்குவது 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டி; அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர் என்பதால், கால் அலை அளவுள்ள ஆன்டெனாவே 9 அடி உயரம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் இரண்டு, மூன்று அடிக் கம்பிகளில் சுருள் சுற்றி அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள். கம்பி குட்டையாகக் குட்டையாகத் திறனும் குறையும். அதோடு, ஆன்டெனாவுக்குக் கீழே பரந்திருக்கும் உலோகத் தகடும் ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. ஆகவே பானட் ஓரத்திலிருந்து எடுத்து, இரும்புக் கூரையின் நடுவில் வையுங்கள். கூரை அலுமினியம் என்றால் காந்தம் ஒட்டாது, வேறு பிடிமானம் தேவைப்படும். ஃபைபர் கூரைக்கு உலோகத் தளம் தேவைப்படாத தனி வகை ஆன்டெனா உண்டு.

அடுத்து, ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளை மூடி, 1ஆம் சேனலிலும் 40ஆம் சேனலிலும் அளந்து பாருங்கள். 1இல் அளவு கூடுதலாக இருந்தால் கம்பி குட்டை, 40இல் கூடுதலாக இருந்தால் கம்பி நீளம். அதற்கேற்பக் கம்பியின் நீளத்தைச் சிறிது சிறிதாகச் சரிசெய்ய வேண்டும். மீட்டர் காட்டும் அளவு 1.5க்குக் கீழே வந்தால் மிக நன்று, 2 வரை பரவாயில்லை. 3ஐத் தாண்டினால் மைக்கின் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். திரும்பி வரும் சக்தி ரேடியோவின் இறுதி டிரான்சிஸ்டரைக் கருக்கிவிடக்கூடும். இவ்வளவும் சரியாக அமைந்தால் சமவெளியில் சில மைல்கள் வரை தெளிவாகப் பேசலாம். மலை குறுக்கிட்டால் அது குறையும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தூரத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

கேள்வி: எஃப்.எம். வசதியுள்ள புதிய ரேடியோவுக்கு மாறினால் பயன் உண்டா? எந்தச் சேனலில் பேசுவது?

பதில்: 2021இல்தான் அமெரிக்காவில் சி.பி.க்கு எஃப்.எம். அனுமதிக்கப்பட்டது. அருகருகே செல்லும் இரண்டு வண்டிகளுக்குள் இரைச்சல் குறைவாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள் விபத்தையும் சாலை அடைப்பையும் சொல்லிக்கொள்ளும் 19ஆம் சேனல் இன்றும் ஏ.எம்.தான், அது கிடைக்கும் ரேடியோ கையில் இருக்கும்போது எஃப்.எம்.முக்காக மட்டும் புதிதாகச் செலவழிக்கத் தேவையில்லை. 9ஆம் சேனல் அவசர உதவிக்கு ஒதுக்கப்பட்டது, அதில் அரட்டை கூடாது. ஆனால் எந்நேரமும் அங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்பியும் இருக்காதீர்கள். உங்கள் குடும்பப் பேச்சுக்கு வேறொரு காலிச் சேனலைத் தேர்ந்தெடுங்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால் வீட்டு முகவரியையோ தங்கும் இடத்தையோ அதில் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ஊருக்குத் திரும்பும்போது இந்த ரேடியோக்களைக் கொண்டுவரலாமா?

பதில்: கொண்டுவராமல் இருப்பதே நல்லது. இந்தியாவும் 2005இல் சிட்டிசன் பேண்டுக்கு உரிம விலக்கு அளித்தது. ஆனால் அது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் வரம்புக்குள் மட்டுமே. அமெரிக்க ரேடியோவின் 28ஆம் சேனல் 27.285இல் தொடங்குகிறது, அதிலிருந்து 40 வரை எல்லாமே இந்திய விலக்குக்கு வெளியே போய்விடுகின்றன. கருவிக்கு இந்திய அரசின் வகை ஒப்புதலும் (அந்த மாதிரிக் கருவிக்கு அரசு தரும் அனுமதி) வேண்டும். புறப்படுமுன் ஆன்டெனாவோடு சேர்த்து அங்கேயே விற்றுவிடுங்கள்.