எழுத மறுக்கும் எட்டு வயது மகனுக்கு எந்த வீட்டுக்கல்வி முறை?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகன் இரண்டாம் கிரேடு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். எழுதச் சொன்னால் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். வரும் ஜனவரி முதல் வீட்டிலேயே படிக்கவைக்க எண்ணம். மதியம்வரை எனக்கு வேலை, காலையில் ஆயா பார்த்துக்கொள்வார். எந்த முறை நல்லது?

பதில்: முறையின் பெயர் அப்புறம். முதலில் எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். ஒரு சின்னக் கதை படித்துக் காட்டி, ஒரு நாள் அவனை வாயால் சொல்லவிடுங்கள். மறுநாள் அவன் சொல்வதில் மூன்று வரியை நீங்கள் எழுதி, பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவனே எழுதட்டும். பார்த்து எழுதவும் திணறினால் கையிலோ கண்ணிலோ சிக்கல் இருக்கலாம்; கண் பரிசோதனையும், கைத்திறனைப் பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும்தான் முதல் வேலை, பாடத்திட்டம் அல்ல. பார்த்து நன்றாக எழுதி, தானாக எழுதும்போது மட்டும் நின்றுவிட்டால் எழுத்துக்கூட்டல் போதாமல் இருக்கலாம். தினம் பத்து நிமிடம் ஒலிப் பயிற்சி (ஒலியைக் கேட்டு எழுத்தாக்குவது) கொடுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கதை, வரலாறு, அறிவியலுக்கு ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் முறை பொருந்தும். பாடம் 15-20 நிமிடம். படித்ததும் அவன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கணக்கை மட்டும் அப்படி விடாதீர்கள். அது ஒழுங்கான வரிசையில், தினமும் நடக்க வேண்டும்.

ஒரு சோதனை: 52இலிருந்து 27 கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால், 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறான். இன்னும் இருபது கணக்கு போட்டாலும் அதே தப்புதான் வரும். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கொடுங்கள். ஒரு கட்டை அவனே அவிழ்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

எல்லாப் பாடமும் ஒரே பெட்டியில் வரும் முழு வருடப் பாடத்திட்டத்தை இப்போதே வாங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் எழுத்து வேலைதான். மார்ச்சுக்குள் சண்டை வரும். மாதிரிப் பாடங்களைக் கேட்டுப் பாருங்கள்.

மதியத்துக்குப் பின் இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும். ஆயாவிடம் பயிற்சித்தாளைத் திணிக்காதீர்கள். தமிழ்க் கதையும் அரிசி, மாவு அளப்பதும் அவர் பங்காக இருக்கட்டும். மெட்ரிக்கில் (பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வில்) தமிழையும் ஒரு பாடமாக எடுக்க முடியும். பள்ளியில் தொடங்கிய ஸூலுவையோ ஆப்ரிகான்ஸையோ நிறுத்திவிடாதீர்கள்.

கவனம்: உங்கள் முதல் வருடமே மூன்றாம் கிரேடு, அதாவது பள்ளிப்படிப்பின் முதல் கட்டமான அடிப்படைக் கட்டத்தின் கடைசி வருடம். 2024இன் பேலா (தென்னாப்பிரிக்க அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்த) சட்டப்படி ஒவ்வொரு கட்ட முடிவிலும் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் பிள்ளையைச் சோதிக்க வேண்டும், செலவு உங்களுடையது. பள்ளியிலிருந்து எடுப்பதற்கு முன்பே குவாஸூலு-நட்டால் கல்வித் துறையில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். வாரத்துக்கு ஒரு கணக்குத் தாள், ஒரு எழுத்துத் தாள் தேதி போட்டு ஃபைலில் சேருங்கள். அவன் வாயால் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தால், ஓரத்தில் ‘அம்மா எழுதியது’ என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் மதிப்பீட்டாளர் அதை அவன் எழுத்தென்று எடுத்துக்கொள்வார்.