என்கோடிங் வேலையை யார் தலையில் கட்டுவது?

கேள்வி: கேம் விளையாடிக்கொண்டே நேரலை செய்ய ஆசை. நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸில் எக்ஸ்264 போடுவதா, என்விஎன்சி போடுவதா? என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 2060.

பதில்: என்விஎன்சி. இரண்டுமே வீடியோவைச் சுருக்கும் என்கோடர்கள்தான், எக்ஸ்264 அந்த வேலையைச் சிபியுவில் செய்யும், என்விஎன்சி என்விடியா கிராபிக்ஸ் கார்டிலேயே செய்யும். 2018-இல் டூரிங் தலைமுறைக் கார்டுகள் (உங்களுடையதும் அந்த வகைதான்) வந்த பிறகு நேரலைக்கு அதன் தரம் தாராளமாகப் போதும், சிபியுவும் கேமுக்கே மிச்சமாகும். எக்ஸ்264-ஐ ஸ்லோ என்ற நிதானமான அமைப்பில் ஓட்டுவதெல்லாம் எடிட்டிங் முடிந்து கடைசிக் கோப்பைச் சுருக்கும்போது செய்ய வேண்டியது, அப்போது ராத்திரி முழுக்க ஓடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: "4கே, ஹார்டுவேர் என்கோடிங்" என்று பெட்டியில் போட்டிருந்த யுஎஸ்பி கேப்சர் கார்டு (வெளியிலிருந்து வரும் வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவி) வாங்கினேன். படம் மங்கல், 30 ஃபிரேமுக்கு மேல் வரவில்லை, சிபியுவும் திணறுகிறது. விற்றவர் என் கம்ப்யூட்டரைக் குறை சொல்கிறார்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த மலிவுக் கார்டுகளில் 4கே என்பது உள்ளே வாங்கிக்கொள்ளும் சிக்னலுக்கு மட்டும்தான், கம்ப்யூட்டருக்குப் போவது 1080பி. யுஎஸ்பி 2.0-இன் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட். சுருக்காத 1080பி படம் 60 ஃபிரேமில் கிட்டத்தட்ட 2 கிகாபிட் கேட்கும். அதனால் ஒவ்வொரு ஃபிரேமையும் எம்ஜேபெக்காக, அதாவது தனித்தனி ஜேபெக் படமாக, நசுக்கி அனுப்புகிறது. பெட்டியில் "என்கோடிங்" என்று பெரிதாக அச்சடித்திருப்பது இதைத்தான்! அதைப் பிரித்து மறுபடி எச்.264 என்ற வீடியோ வடிவமாக்கும் வேலை முழுக்க உங்கள் கம்ப்யூட்டர் தலையில். நான் காசு கொடுத்து வாங்கிய ஒன்றின் பிளக் உள்ளே, வேகமான யுஎஸ்பி 3.0-க்கு அடையாளமாக, பளிச்சென்று நீல நிறம், மேலே 3.0 என்று அச்சு, செருகினால் 2.0 ஆகத்தான் இணைந்தது. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஓபிஎஸ்ஸில் அந்தக் கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, 1080பி வைத்து, ஃபார்மேட்டை ஒய்யுஒய்2 (சுருக்காத படம்) ஆக்குங்கள். ஃபிரேம் ஐந்து, பத்து என்று விழுந்தால் சந்தேகமே வேண்டாம், அது 2.0-தான், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெட்டியின் படத்தோடு சேர்த்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றுக் கார்டு தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் இதே சரக்காகத்தான் இருக்கும்.

கேள்வி: ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய்ய எது நல்லது? ஸ்லைடும் குரலும்தான்.

பதில்: எக்ஸ்264, வெரிஃபாஸ்ட் என்ற வேகமான அமைப்பில். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: ரெக்கார்டிங்குக்காகவே ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். என்விஎன்சி பட்டியலிலேயே வரவில்லை. டிரைவர் பிரச்சினையா?

பதில்: அந்தக் கார்டில் என்கோடரே கிடையாது. எந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்று என்விடியாவே அட்டவணை போட்டு வைத்திருக்கிறது, காசை எடுப்பதற்கு முன்னால் அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு டிரைவரைக் குறை சொன்னால் நான் என்ன செய்ய? சரி, சிபியு இன்டெல்லா? மாடல் எண் எஃப் என்று முடியாவிட்டால் அநேகமாகக் குயிக் சிங்க் (இன்டெல்லின் சொந்த என்கோடர்) இருக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சிபியுவோடு உள்ளிணைந்த கிராபிக்ஸை ஆன் செய்து பாருங்கள். 1030-ஐத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.