ஆடு வளர்த்தால் படிப்பு கெடுமா?
பத்தாவது படிக்கும் பையன் லீவு விட்டாலே கிருஷ்ணகிரியில் தாத்தாவின் ஆட்டுப்பட்டிக்கு ஓடுகிறான், படிப்பு போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பையன் பட்டிக்குப் போகட்டும் சார். நானும் பெங்களூரு அல்சூரில் வளர்ந்தவன்தான், ஆனால் விடுமுறையெல்லாம் மாமா வீட்டுப் பட்டியில். நடுராத்திரி ஆடு குட்டி போட்டால் எழுந்து துடைத்து, சீக்கிரமே சீம்பால் குடிக்க வைக்காவிட்டால் குட்டி தேறுவது கஷ்டம், அங்கே 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சே கிடையாது, என் சோம்பலை உடைத்தது அதுதான் (அம்மாவின் திட்டு அல்ல). சினை 5 மாதம், காத்திருக்கவும் பழகினேன். வளர்த்த கிடாயை விற்கும் நாளில் பையன் அழுவான், அப்போது கூட இருங்கள். ஆர்வம் நிலைத்தால் பெங்களூரு ஹெப்பாளிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பயிற்சியோடு சேர்த்து 5½ ஆண்டுப் படிப்பு. அதனால் பதினொன்றில் உயிரியலை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.