கணினி கேள்வி–பதில்: வரி அறிவிப்பை விழுங்கிய வடிகட்டி

கேள்வி: ஐயா, பெங்களூரு அல்சூரில் பல ஆண்டுகளாக வரி ஆலோசகராக இருக்கிறேன். ஏறத்தாழ நாற்பது சிறு கடைக்காரர்களின் ஜிஎஸ்டி கணக்குகளைக் கவனித்து வருவதால், பலருடைய பதிவில் என் மின்னஞ்சல் முகவரியே இருக்கிறது. அலுவலகக் கணினியில் உள்ள தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில், தலைப்பில் 'ஜிஎஸ்டி' அல்லது 'டாக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் அந்த அஞ்சலை 'வரி' என்னும் கோப்புறைக்கு மாற்றிப் படித்ததாகக் குறித்துவிடும்படி ஒரு வடிகட்டி அமைத்தேன். சிவாஜி நகர் இரும்புக் கடைக்காரர் ஒருவருக்கு வந்த ஜிஎஸ்டிஆர்-3ஏ அறிவிப்பைப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கோப்புறையில் கண்டேன். என் மகனுடைய வாடகை வண்டி ரசீதுகளும் அங்கேயே குவிந்து கிடந்தன. இது போதாதென்று, காலையில் வீட்டில் கைபேசியைத் திறந்தால் ஓர் அஞ்சலும் பிரிக்கப்படாமல் உள்பெட்டியிலேயே இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்? – வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவருக்கு வரும் 3ஏ அறிவிப்புக்குக் கெடு 15 நாள்தான். இந்த இதழ் அச்சாகும்வரை அது காத்திருக்காது என்பதால், முதலில் அந்தக் கடைக்காரரின் ரிட்டர்னை முடிக்கும்படி உங்களுக்குத் தனியே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதன் தலைப்பில் 'டாக்ஸ்' வராதபடி பார்த்துக்கொண்டேன்.

உங்கள் வடிகட்டி பழுதாகவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறது. 'கன்டெய்ன்ஸ்' என்ற நிபந்தனை முழுச் சொல்லைத் தேடுவதில்லை, எழுத்துத் தொடரைத்தான் தேடுகிறது. 'டாக்ஸி' என்ற சொல்லுக்குள் 'டாக்ஸ்' முழுதாக இருப்பதால் மகனுடைய ரசீதுகளும் வரிக் காகிதங்களாகிவிட்டன. ஆனாலும் அறிவிப்பு கண்ணில் படாமல் போனதற்கு ரசீதுகளை விட, 'மார்க் ஆஸ் ரீட்' என்று நீங்கள் சேர்த்த இரண்டாவது செயலே காரணம். படிக்காத அஞ்சல் உள்ள கோப்புறையின் பெயரைத் தடித்த எழுத்தில், பக்கத்தில் எண்ணிக்கையுடன் தண்டர்பேர்டு காட்டும். படித்ததாகக் குறித்த உடனே தடிப்பும் எண்ணும் மறைந்துவிடும், அந்தக் கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டிய காரணமும் உங்களுக்கு இல்லாமல் போய்விடும். விளம்பர அஞ்சல்களுக்கு அது வசதிதான். கெடு உள்ள எந்த அஞ்சலுக்கும் அதைச் சேர்க்காதீர்கள்.

தலைப்பில் உள்ள சொல்லை நம்புவதைவிட அனுப்புநரை நம்பிப் பிரிப்பதே உங்கள் தொழிலுக்குப் பொருந்தும். 'டூல்ஸ்' பட்டியலில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' என்பதைத் திறந்து, பழைய வடிகட்டியை நீக்கிவிட்டு இரண்டு வடிகட்டிகளை அமையுங்கள். முதலாவதில், அனுப்புநர் முகவரி அரசுத் தளங்களுக்குரிய 'காவ்.இன்' என்று முடிந்தால் அந்த அஞ்சலுக்கு நட்சத்திரம் இட்டு, 'ஸ்டாப் ஃபில்டர் எக்ஸிகியூஷன்' என்ற செயலையும் சேர்த்துவிடுங்கள். அஞ்சலை எங்கும் மாற்ற வேண்டாம், உள்பெட்டியிலேயே உங்கள் கண் முன் இருக்கட்டும். அனுப்புநர் முகவரியைப் போலியாகவும் இட முடியும் என்பதால், நட்சத்திரத்தைப் பார்த்ததும் அஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்காமல், ஜிஎஸ்டி தளத்தில் நீங்களே நுழைந்து அறிவிப்பைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வடிகட்டி கடைக்காரர்களுக்கானது. நாற்பது பேருக்கு நாற்பது நிபந்தனை எழுதும் பாட்டை இங்கே தவிர்க்கலாம். 'வாடிக்கையாளர்' என்று தனியாக ஒரு முகவரிப் புத்தகம் தொடங்கி, அவர்கள் அனைவரின் முகவரிகளையும் அதில் சேர்த்துவிட்டு, 'ஃப்ரம்' என்பதற்கு எதிரே 'இஸ் இன் மை அட்ரஸ் புக்' என்ற நிபந்தனையையும் அந்தப் புத்தகத்தையும் தேர்ந்து, அஞ்சலைத் தனிக் கோப்புறைக்கு மாற்றச் சொல்லுங்கள். நாளை புதிய கடைக்காரர் ஒருவர் வந்தால் முகவரியைப் புத்தகத்தில் சேர்த்தால் போதும், வடிகட்டியைத் தொட வேண்டியதில்லை. வடிகட்டிகள் பட்டியலில் மேலிருந்து கீழாகவே இயங்கும் என்பதாலும், ஒரு வடிகட்டி வேறு கோப்புறைக்கு மாற்றிவிட்ட அஞ்சலைப் பின்னால் உள்ளவை தொடுவதில்லை என்பதாலும், அரசு அஞ்சலுக்கான வடிகட்டி எப்போதும் முதலில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வந்து கிடக்கும் அஞ்சல்களுக்கு, அதே சாளரத்தில் கோப்புறையைத் தேர்ந்து 'ரன் நவ்' பொத்தானை அழுத்துங்கள்.

கைபேசியின் கதை வேறு. தண்டர்பேர்டின் வடிகட்டி உங்கள் அலுவலகக் கணினிக்குள் இருக்கிறது. மாலையில் கணினியை அணைத்துவிட்டு வீடு திரும்பினால் அதுவும் உறங்கிவிடும், இரவில் வரும் அஞ்சல் காலையில் நீங்கள் மறுபடி தண்டர்பேர்டைத் திறக்கும்வரை பிரிக்கப்படாமலே இருக்கும். அஞ்சலைச் சேவையகத்திலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி காட்டும் ஐமேப் முறையில் கணக்கை இணைத்திருந்தால், கணினி பிரித்த பிறகு கைபேசியிலும் அது கோப்புறைக்குள் தெரியும். அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையாக இருந்தால் பிரித்தது கணினியோடு நின்றுவிடும். இரவு பகலாகப் பிரிக்க வேண்டுமானால் வடிகட்டி சேவையகத்திலேயே இருக்க வேண்டும். ஜிமெயில் கணக்கானால் உலாவியில் அதன் அமைப்புகளுக்குள் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' பகுதியில் அதை அமைக்கலாம். வாடிக்கையாளர் வடிகட்டியைக் கணினியில் வைத்துக்கொண்டு, அரசு அஞ்சலுக்கு நட்சத்திரம் இடுவதை மட்டும் ஜிமெயிலுக்கு மாற்றினாலே உங்கள் காலை நேரக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தின் கூகுள் குழு அஞ்சல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வீட்டுக்காரர் பெயரில் வருகின்றன, தலைப்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தண்டர்பேர்டில் இவற்றை எப்படிப் பிரிப்பது? – வாசகி, ஒயிட்ஃபீல்ட், பெங்களூரு

பதில்: மேலே சொன்ன அனுப்புநர் வழி உங்களுக்கு உதவாது. குழுவின் வழியாக வரும் ஒவ்வோர் அஞ்சலின் தலைக்குறிப்பிலும் (வழக்கமாகக் கண்ணில் படாத விவரப் பகுதி) 'லிஸ்ட்-ஐடி' என்று ஒரு வரி இருக்கும். 2001இல் இணையத் தர ஆவணமொன்றில் வகுக்கப்பட்ட இந்த வரி, எழுதியவர் யாராக இருந்தாலும் மாறுவதில்லை. குழு அஞ்சல் ஒன்றைத் திறந்து, 'கன்ட்ரோல்', 'யூ' விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அஞ்சலின் மூல வடிவம் முழுதும் தெரியும். அதில் 'லிஸ்ட்-ஐடி' வரியில் கோண அடைப்புக்குள் உள்ளதை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வடிகட்டிச் சாளரத்தில் நிபந்தனைப் பட்டியலின் அடியில் உள்ள 'கஸ்டமைஸ்' மூலம் 'லிஸ்ட்-ஐடி' என்ற பெயரை ஆங்கிலத்தில் சேர்த்து, 'கன்டெய்ன்ஸ்' என்பதற்கு எதிரே நகலெடுத்ததை ஒட்டுங்கள். தண்ணீர் லாரி, பார்க்கிங் சண்டை, தொலைந்த பூனை எல்லாம் ஒரே கோப்புறைக்குப் போய்விடும்.