வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் கோகோபீட்டில் வளரும் மிளகாய்ச் செடிகளின் இலைகள் சுருண்டு, தொட்டால் ஒடிகின்றன. 19:19:19 உரம் தவறாமல் கொடுக்கிறேன். என்ன குறை?

உரத்தைக் கூட்டுவதையும் வேப்பெண்ணெய் தெளிப்பதையும் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். இலை சுருள்வதற்குப் பத்துக் காரணம் இருக்கும். ஆனால் சுருண்ட இலை விறைத்து, மடக்கினால் ஒடிகிறது என்றால் பட்டியல் சுருங்கிவிடும். தண்ணீர் போதாமல் சுருளும் இலை துவண்டு தொங்கும், ஒடியாது. ஒடியும் இலைக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான் இருக்கும்: சுண்ணாம்புச் சத்துக் (கால்சியம்) குறை, வேரில் உப்புத் தேக்கம், மஞ்சள் முரணைச் சிலந்தி என்னும் நுண்ணிய பூச்சி, அல்லது விளக்கும் வறண்ட காற்றும் சேர்ந்து செய்யும் வேலை.

முதலில் எந்த இலை என்று பாருங்கள். நுனிக் குருத்தும் புது இலைகளும் மட்டும் கோணலாக, நெளிந்து வந்தால் கால்சியம் அல்லது சிலந்தி. அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியம். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய்ந்து நொறுங்கினால் உப்பு. விளக்குக்கு நேர் கீழே இருக்கும் இலைகள் மட்டும் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, பக்கவாட்டு இலைகள் நன்றாக இருந்தால் ஒளியும் வெப்பமும்.

நீங்கள் சொன்னதில் என் கண்ணில் முதலில் படுவது 19:19:19. அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. அதன் 19 சதவீதத் தழைச்சத்தில் 10.5 யூரியா, 4.5 அம்மோனியம், 4 மட்டுமே நைட்ரேட். மண்ணில் இது பரவாயில்லை, மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது, யூரியாவை மாற்றும் நுண்ணுயிரும் ஏராளம். கோகோபீட்டில் இரண்டும் குறைவு. போதாததற்கு அம்மோனியம் வேரில் கால்சியத்தோடு போட்டி போடும். தாதுக்களை வடிகட்டி எடுத்த ஆர்ஓ தண்ணீரும் சேர்ந்துவிட்டால் செடிக்குக் கால்சியம் வர வழியே இல்லை.

கோகோபீட்டின் குணமும் இதில் சேர்கிறது. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது என்றால் சோடியம் இன்னும் கூடும். இந்த இரண்டும் நாரின் மின்னேற்றப் பிடிப்பிடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஊற்றும் கால்சியமும் மக்னீசியமும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, பொட்டாசியமும் சோடியமும் வேர்ப்பகுதிக்குள் வெளியேறும். ஆக, கொடுக்கும் கால்சியத்தை நார் விழுங்கிவிடுகிறது, செடிக்கு வேண்டாத பொட்டாசியம் கூடுதலாகக் கிடைக்கிறது. வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் நீரில் கரைந்த உப்புதான் போகும், நாரில் ஒட்டியது போகாது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்த ரகம் தனியாகவே உண்டு. உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் 5 கிலோ கட்டி பெரும்பாலும் அலசிய சரக்குதான், சிலசமயம் அதுவும் இல்லை.

இனி அளவீடு. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஈசி மீட்டரும் (இங்கே சொல்லும் ஈசி எல்லாம் mS/cm கணக்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் மீட்டரும் இல்லாமல் கோகோபீட்டில் பயிர் செய்வது இருட்டில் நடப்பதுதான், வாங்கிவிடுங்கள். உரநீரை ஊற்றி, தொட்டியின் அடியில் வடிவதில் ஒரு டம்ளர் பிடியுங்கள். ஊற்றியது ஈசி 1.8 என்றால் வடிவது 2.3 வரை இருக்கலாம். 3-ஐத் தாண்டினால் உப்புத் தேங்கியிருக்கிறது. ஊற்றும் நீரின் பிஹெச் 5.8 முதல் 6.2-க்குள் இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் என்பதால் 7.5-க்கு மேல் போய்விடும், பாஸ்பாரிக் அமிலம் சில துளி விட்டு இறக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு வேண்டாம், இரண்டு நாளில் பிஹெச் பழையபடி ஏறிவிடும்.

உப்புத் தேக்கம் என்று உறுதியானால் வெறும் ஆர்ஓ தண்ணீரால் கழுவாதீர்கள். அது உப்போடு கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஈசி 0.8 முதல் 1.0 வரையிலான மெல்லிய உரநீரை, 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர் என்ற கணக்கில் மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். கடைசி ஒரு லிட்டர் வழக்கமான உரநீராக இருக்கட்டும்.

19:19:19-க்குப் பதிலாக, 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு இப்படிக் கலக்கலாம்:

கால்சியம் நைட்ரேட் 8 கிராம்
மெக்னீசியம் சல்பேட் 5 கிராம்
13:0:45 உரம் (பொட்டாசியம் நைட்ரேட்) 3 கிராம்
0:52:34 உரம் (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) 2 கிராம்
இரும்பு உட்பட நுண்ணூட்டக் கலவை, பொட்டலத்தில் சொன்ன அளவு

ஈசி ஏறத்தாழ 1.8 வரும். நாற்றுக்கு இதைப் பாதியாக நீர்த்துக் கொடுங்கள். கால்சியம் நைட்ரேட்டைத் தனியாக ஒரு லிட்டரில் கரைத்து, மற்றவை 8 லிட்டரில் முழுதாகக் கரைந்தபின் கடைசியாகச் சேர்த்து, 10 லிட்டருக்கு நிரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே சின்னப் பாட்டிலில் கெட்டியாகக் கலந்து வைத்தால் சல்பேட்டும் பாஸ்பேட்டும் கால்சியத்தைப் பிடித்து வெள்ளை வண்டலாக அடியில் தங்கும். அந்த வண்டலைச் செடி உறிஞ்சாது. 'கால்சியம் கொடுத்தும் சரியாகவில்லை' என்பவர்களின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பாதிப் பதில் அங்கே கிடைக்கும்.

செடி ஏற்கெனவே கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைக்காத கோகோபீட்டில் நிற்கிறது என்றால் பிடுங்க வேண்டாம். இரண்டு மூன்று தடவை பொட்டாசியம் இல்லாமல், லிட்டருக்குக் கால்சியம் நைட்ரேட் 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் அரை கிராம் மட்டும் கரைத்து, ஊற்றியதில் மூன்றில் ஒரு பங்கு வடியும்படி கொடுங்கள். பிறகு மேலே சொன்ன கலவைக்கு மாறுங்கள், அப்போதும் ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் வடிய வேண்டும். கோகோபீட் காயவே கூடாது. காய்ந்தால் உள்ளிருக்கும் நீரில் உப்பின் அடர்த்தி ஏறி வேர் நுனியைச் சுடும்.

அடுத்த முறைக்கு: 5 கிலோ கட்டி ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் வரும். பிழிந்த நீரின் ஈசி 0.8-க்குக் கீழே வரும்வரை அலசுங்கள். பிறகு 30 லிட்டர் நீரில் 120 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஒருமுறை அலசிவிட்டு நடுங்கள்.

காற்றையும் மறக்க வேண்டாம். இலை நீராவியை வெளிவிடும் ஓட்டத்தோடுதான் கால்சியம் மேலே போகிறது. ஏசி அறையில் 28 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் நீராவி அழுத்த இடைவெளி, அதாவது காற்று இலையின் ஈரத்தை இழுக்கும் வலு, 2.3 கிலோபாஸ்கலை நெருங்கும். இலை துளைகளை மூடிக்கொள்ளும், ஓட்டம் குறையும், நுனி ஓரம் காயும். அதே சூட்டில் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு ஏற்றினால் 1.3 ஆகிவிடும், மிளகாய்க்கு அது போதும். மின்விசிறியை இலை மேல் நேராகத் திருப்பாமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். வளர்ந்த செடியின் உச்சி இலையில் ஒளி, வெள்ளை எல்இடியில், சுமார் 24,000 லக்ஸ் வரை, 16 மணி நேரம் போதுமானது. கைபேசிச் செயலி ஓரளவுக்குக் காட்டும். நாற்றுக்கு இதில் பாதி. இதைவிட அதிகமாகக் காட்டினால் விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பாருங்கள். சூடு தெரியாததால் எல்இடி சுடாது என்று பலர் நினைக்கிறார்கள். அதிக ஒளியே இலையை விறைக்க வைக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குருத்து கோணலாகவே வருகிறது என்றால் பூச்சி. கால்சியம் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் உரத்தை மாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மஞ்சள் முரணைச் சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. 40 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் வைத்து, குருத்திலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் முட்டைகள்மேல் வெள்ளைப் புள்ளி வரிசைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மிளகாயில் பொதுவான அடையாளம்: இலை கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, அடிப்புறம் செம்பழுப்பாகப் பளபளத்தால் சிலந்தி. மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். இலை சிறுத்து, தடித்து, கொத்தாக நின்று, செடியே வளராமல் போனால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, பையில் கட்டி அகற்றிவிடுங்கள்.

சிலந்திக்கு நனையும் கந்தகம் 80 சதவீதத் தூள், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். விளக்கு அணைந்தபின், செடியைப் பால்கனிக்கோ குளியலறைக்கோ எடுத்துப்போய், முகக்கவசம் போட்டு, இலையின் அடிப்புறமும் குருத்தும் நனையத் தெளியுங்கள். 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒரே தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும்போது கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாத செடியிலும் அதே கதிதான். ஆகவே கடைசியாக எப்போது எண்ணெய் அடித்தீர்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒருமுறை சுருண்ட இலை எந்தச் சிகிச்சையிலும் விரியாது. அதைப் பார்த்துக் குணமாகவில்லை என்று மருந்தை மாற்றாதீர்கள். பத்து நாள் கழித்துப் புதிதாக வந்திருக்கும் இலையை மட்டும் பாருங்கள். காய்க்கத் தொடங்கிய செடியானால் காயின் நுனியையும் கவனியுங்கள், அங்கே தோல்போல் பழுப்பு விழுந்தால் கால்சியம் இன்னும் போய்ச்சேரவில்லை.