யாருக்கும் தெரியாமல் சிகரெட்டை விடுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் தளத்தை நீண்ட நாட்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பதினைந்து வருடமாக பெங்களூரில் ஐ.டி. வேலை. வயது 41. மனைவி, ஆறு வயதில் ஒரு மகள்.

சிகரெட்டை விட முடியவில்லை சார். கல்லூரியில் தொற்றிய பழக்கம். மகள் பிறந்தபோது விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன், அவளும் நம்பினாள். உண்மையில் விட்டது இரண்டே மாதம். இப்போது ஒரு நாளைக்கு எட்டு, பத்து ஆகிறது. எல்லாம் ஆபீஸ் பக்கத்து பேக்கரியில்தான். டீமில் நாலைந்து பேர் சேர்ந்து போவோம். ஒரு காபியை இருவர் பகிரும் பை டூ காபி, ஆளுக்கொரு தம். பாக்கெட் வாங்கினால் வீட்டில் மாட்டிக்கொள்வேன் என்று சில்லறையாகத்தான் வாங்குவேன். வீட்டுக்குப் போகும் முன் கை கழுவி ஒரு மிட்டாய்.

ஊருக்குப் போனால் மட்டும் பிடிப்பதில்லை. அப்பா இருக்கிறார், தெருவில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பொங்கலுக்கு நான்கு நாள் ஒன்றுகூட இல்லை. என்ன, எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன், தூக்கமே வரவில்லை. மனைவியும் மகளும் மாமியார் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டார்கள், நான் மட்டும் திரும்பினேன். பெங்களூர் சில்க் போர்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தானாகக் கடைக்குப் போய்விட்டது.

நிக்கோட்டின் சூயிங்கம் மென்று பார்த்தேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். ஒரு நாளைக்கு நாலு என்று குறைத்தேன், ஒரே வாரத்தில் பழைய கணக்கு. வேப்புக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மாறிவிடு என்கிறான் நண்பன். யாரிடமும் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. சொல்லிவிட்டு விட முடியாமல் போனால் அசிங்கம். மனக்கட்டுப்பாடு இல்லாதவன் என்று என்மீதே வெறுப்பு வருகிறது. இந்த நமநமப்பை எப்படிச் சமாளிப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தப் பொங்கல் நான்கு நாட்களைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நிக்கோட்டின் உடம்பில் அதிக நேரம் தங்காது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதனால் கடைசி சிகரெட் முடிந்து ஒரு நாள் ஆவதற்குள் உடம்பு கேட்க ஆரம்பித்துவிடும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிலைக்காமை, அடங்காத பசி. இரண்டாவது, மூன்றாவது நாளில் அது உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்ல இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். ஆக, இருப்பதிலேயே மோசமான நாட்களை நீங்கள் ஏற்கனவே கடந்திருக்கிறீர்கள். அதுவும் மருந்தில்லாமல், துணையில்லாமல், உடம்பில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல். இதைச் செய்த ஒருவரை மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியென்றால் சில்க் போர்டில் நடந்தது என்ன? ஒரு இழுப்பின் நிக்கோட்டின் மூளையை எட்டப் பத்து விநாடி போதும். அந்த நேரத்தில் சுற்றி இருப்பதையெல்லாம் மூளை அதோடு சேர்த்து முடிந்து வைத்துக்கொள்ளும். பேக்கரி வாசல், காபி மணம், டீம் ஆட்களின் குரல், பஸ்ஸை விட்டு இறங்கும் களைப்பு எல்லாமே. பதினைந்து வருடமாக, ஒரு நாளைக்கு நூறு இழுப்பு என்று வைத்துக்கொண்டால் பெங்களூரின் எத்தனை மூலைகள் இப்படி உங்களுக்குள் முடிச்சுப் போட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தர்மபுரி வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு முடிச்சும் இல்லை. எனவே நீங்கள் சண்டை போட வேண்டியது முக்கியமாக இடத்தோடும் வேளையோடும் கூட்டத்தோடும்தான். இதைத் தனியாளாகச் செய்வது கடினம். ஒருவருக்கும் தெரியாமல் செய்வது இன்னும் கடினம். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அடிப்படையில் இதைத்தான்.

முதலில் நமநமப்பைப் பற்றி. அது பால் பொங்குவது போல விறுவிறுவென்று ஏறும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தணியும். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான், சிகரெட் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் இது இனி அடங்கவே அடங்காது என்றுதான் தோன்றும். அதனால் 'வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன்' என்ற சபதத்தையெல்லாம் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். நிற்கும் இடத்தை விட்டு நகருங்கள், இது முக்கியம். படிக்கட்டில் இரண்டு மாடி ஏறி இறங்குங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், வறுகடலையோ நெல்லிக்காயோ மெல்லுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். வேக நடை சிகரெட் ஆசையைத் தற்காலிகமாகக் குறைக்கிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். அலைபேசியைத் துழாவிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பெரிதாக உதவாது.

காபி விஷயம் பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிகரெட் புகையில் உள்ள தார் சார்ந்த பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபினை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. அதனால் புகைப்பவர் எத்தனை காபி குடித்தாலும் அவ்வளவாகத் தெரியாது. சிகரெட்டை நிறுத்திய சில நாட்களில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் காபியின் கணக்கு அப்படியே இருக்கும். விளைவு, அதே காபிக்கு ரத்தத்தில் ஏறத்தாழ இருமடங்கு காஃபின். படபடப்பு, கை நடுக்கம், இரவு கொட்டக் கொட்ட விழித்திருப்பது. இதையெல்லாம் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்துக்கொண்டு, இதற்கு ஒரு தம்மே மேல் என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். பொங்கல் வீட்டில் அம்மா கையால் எத்தனை டம்ளர் குடித்தீர்களோ! விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம். வேறு சிலவும் வரும்: இருமல் சில வாரங்களுக்குக் கூடலாம், வாயில் புண் வரலாம், மலச்சிக்கல் வரலாம், எடை சில கிலோ ஏறலாம். தெரிந்து வைத்துக்கொண்டால் பயம் இருக்காது.

சூயிங்கம் உங்களைக் கைவிட்டதற்குக் காரணம், அதைச் சூயிங்கம் மாதிரியே மென்றதுதான் என்று நினைக்கிறேன். அந்த நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் உடம்பில் ஏற வேண்டும். விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலையும் எரிச்சலையும் தரும். மெதுவாகச் சில முறை கடியுங்கள். காரமாக, சுருக்கென்று ஒரு சுவை வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுவை போனதும் மறுபடி கடித்து வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். காபி குடித்து ஒரு கால் மணி நேரம் ஆன பிறகுதான் வாயில் போட வேண்டும், இல்லையென்றால் சரியாக ஏறாது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவருக்குத்தான் பொதுவாக 4. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் உண்டு. பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஏதாவது ஒன்றைவிடக் கூடுதல் பலன் தருகிறது. வரெனிக்லின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் இருக்கின்றன, அவை மருத்துவர் சீட்டோடு மட்டும். இரத்த அழுத்தம், இதயம் என்று வேறு மருந்து எடுப்பவராக இருந்தால் எதற்கும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வேப் வேண்டாம். 2019லேயே நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட பொருள், உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நாலாகக் குறைத்தால் மிச்சமிருக்கும் நாலும் தங்கமாகிவிடும். ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசி வரை இழுப்பீர்கள். நாள் குறித்து முழுதாக நிறுத்துங்கள். என் யோசனை, அடுத்த முறை ஊருக்குப் புறப்படும் நாளையே அந்த நாளாக வையுங்கள். உச்ச நாட்கள் இரண்டு மூன்றையும் ஊர் பார்த்துக்கொள்ளும். திரும்பும்போது தனியாக வராதீர்கள், குடும்பத்தோடு வாருங்கள். முடியாவிட்டால் சில்க் போர்டில் இறங்காமல் சாந்திநகர் வரை போய் வேறு வழியாக வீடு சேருங்கள்.

சரி, துணைக்கு வருவோம். யார் உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில், ஒரு முயற்சியில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடிப்பவர்கள் நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர்தான். ஆலோசனையும் மருந்தும் சேரும்போது இது பல மடங்கு கூடுகிறது. எனவே தனியாக விட முடியாதது உங்கள் குணத்தின் குறை என்று எண்ண வேண்டாம், தொண்ணூற்றைந்து பேருக்கு நடப்பதுதான் உங்களுக்கும் நடந்தது.

உங்களுக்கு எட்ட வேண்டிய ஒரு தொலைபேசி எண் இத்தனை நாள் எட்டாமல் இருந்ததற்கு, நீங்கள் சில்லறையாக வாங்குவதே காரணமாக இருக்கலாம். 2018 முதல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 1800-11-2356 என்று அச்சிடுகிறார்கள். கர்நாடகத்தில் சில்லறை விற்பனைக்குத் தடை இருந்தும் கடைகளில் ஒன்றிரண்டாகத்தான் கொடுக்கிறார்கள். படம் போட்ட எச்சரிக்கையும் இந்த எண்ணும் கடைக்காரரின் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அது கட்டணமில்லாத தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண். டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016ல் தொடங்கியது. பிறகு மும்பை, குவாஹாட்டியோடு பெங்களூரின் மனநல மருத்துவமனையான நம் நிமான்ஸிலும் ஒரு மையம் வந்தது, தமிழிலும் பேசலாம். பேசுபவர் உங்கள் வேளைகளையும் இடங்களையும் கேட்டு நாள் குறிக்க உதவுவார், பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். நேரில் போக விரும்பினால் நிமான்ஸின் போதை மருத்துவ மையத்தில் புகையிலை விடுப்புப் பிரிவு இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நீங்கள் வரும் பஸ் வழியிலேயேதான். மனநல மருத்துவமனை என்று தயங்காதீர்கள், சிகரெட்டை விட அங்கே போகும் ஆட்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

பேக்கரிக் கூட்டம். அங்கே போகாவிட்டால் ஆபீஸ் பேச்சிலிருந்து விலகிவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது நியாயமான பயம். நட்பை விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அவர்களில் ஒருவரிடம், எல்லோரிடமும் வேண்டாம், ஒருவரிடம் சொல்லுங்கள்: 'இந்த மாதம் என்னைத் தம்முக்குக் கூப்பிடாதே, நான் கேட்டாலும் கொடுக்காதே.' உதவி என்று பொதுவாகக் கேட்டால் என்ன செய்வதென்று தெரியாது, இப்படிக் கேட்டால் செய்வார். காபிக்கு அவரோடு ஒரு தர்ஷினிக்குள், நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடைக்குள், போங்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருப்பதால், உள்ளே நிற்கும் வரை கை சும்மா இருக்கும். அவருக்கும் விடும் எண்ணம் இருந்து, யாராவது தொடங்கட்டும் என்று காத்திருக்கலாம்.

மனைவியிடம் சொல்லுங்கள். இதுதான் கடிதத்திலேயே கடினமான பகுதி என்று எனக்குத் தெரியும். மகள் பிறந்ததிலிருந்து சொன்ன பொய் அது, கோபம் வரும், வருவது நியாயம். ஆனால் ஒன்று: புகைப்பவரின் மூக்கு மந்தமாகிவிடும், சட்டையிலும் தலைமுடியிலும் இருக்கும் வாடை அவருக்கு மட்டும் தெரியாது. மிட்டாயால் அது போகாது. உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருக்கிறாரோ என்னவோ. நாள் குறித்த பிறகு சொல்லுங்கள். வெறும் மன்னிப்பாக இல்லாமல் ஒரு வேண்டுகோளாக இருக்கட்டும்: முதல் இரண்டு வாரம் எரிந்து விழுவேன், அது உன்மேல் கோபமில்லை, சாப்பிட்டதும் என்னோடு ஒரு சுற்று நடக்க வா, இன்று பிடித்தாயா என்று தினமும் விசாரிக்காதே, நானே சொல்கிறேன். ரகசியம் இருக்கும் வரை ஒவ்வொரு நமநமப்பையும் நீங்கள் இரண்டு தடவை சுமக்கிறீர்கள், ஆசையை ஒரு தடவை, மறைப்பதை ஒரு தடவை.

சொல்லிவிட்டு விட முடியாமல் போனால் என்று கேட்டீர்கள். இரண்டாவது வாரமோ இரண்டாவது மாதமோ ஒரு பார்ட்டியில், ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இரவில் ஒன்று பிடித்துவிடலாம். நிறையப் பேருக்கு நடக்கிறது. அன்றைக்கே அந்த பேக்கரி நண்பரிடமோ மனைவியிடமோ சொல்லிவிடுங்கள், அன்றைக்கே அந்த எண்ணுக்கு அழையுங்கள். மறைத்தால்தான் ஒன்று பத்தாகும். எங்கே, யாரோடு, எதற்குப் பிறகு என்று குறித்துக்கொண்டு அந்த ஓட்டையை அடைத்துவிட்டுத் தொடருங்கள். பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரும் சகாக்களும் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004ல் எழுதினார்கள். புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள், நாற்பது வயதையொட்டி விட்டவர்கள் அதில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைத் திரும்பப் பெறுகிறார்கள். உங்களுக்கு 41.

நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள். வீட்டில் சொன்ன பிறகு.